எரியாத நைலான் கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், "நைலானில் தீத்தடுப்புப் பொடியைக் கலந்துவிட்டால் அது எரியவே எரியாது" என்று எழுதியிருந்தீர்கள். அம்பத்தூரில் 26 வருடமாக டெர்மினல் பிளாக், அதாவது மின்கம்பிகளை ஸ்க்ரூவால் இறுக்கி இணைக்கும் பிளாஸ்டிக் கட்டை, வார்த்துக் கொடுப்பவன் நான். திங்கட்கிழமை காலையிலேயே ஒரு வாடிக்கையாளர் அந்த வரியைப் படம் பிடித்து அனுப்பி, "ஒரு பொடி போதுமாமே, நீங்கள் ஏன் விலையைக் கூட்டுகிறீர்கள்?" என்று கேட்டார்.

தங்களுக்குத் தெரியாததல்ல. பிளாஸ்டிக் எப்படி எரிகிறது என்று பார்க்கும் யூஎல் 94 சோதனையில் வி-0 என்ற உயர்ந்த தரம் வாங்கிய நைலானும் பற்றத்தான் செய்யும். பத்து வினாடி தீ காட்டி எடுத்தால், அடுத்த பத்து வினாடிக்குள் தானாக அணைய வேண்டும். சொட்டினாலும் கீழே வைத்த பஞ்சு பற்றக் கூடாது. அவ்வளவுதான்.

சில வருடம் முன்பு எனக்கும் ஒருவர் "இந்த ஒரு பொடி போதும்" என்று மெலமைன் சயனுரேட் என்ற தீத்தடுப்புப் பொடி கலந்த நைலான் குருணையை விற்றார். வெறும் நைலானுக்கு அது நல்ல சரக்கு. நான் ஓட்டியதோ 30 சதவீதம் கண்ணாடி இழை சேர்த்தது. சோதனைப் பட்டையிலிருந்து தீயை எடுத்த பிறகும் அணையவில்லை. உருகிய நைலானை இழைகள் விளக்குத்திரி போல உறிஞ்சி மேலே ஏற்றின. பட்டையைப் பிடித்திருந்த கிளாம்ப் வரை எரிந்து, கடைசியில் இழை மட்டும் கூடாக நின்றது. அந்த லாட் முழுவதும் வீண்.

இழை சேர்ந்தால் பாஸ்பினேட் என்ற தீத்தடுப்புப் பொருளோடு மெலமைன் பாலிபாஸ்பேட்டும் கூட வேண்டும். கொஞ்சம் ஜிங்க் போரேட்டும் சேர்ப்பார்கள். புரோமின் உள்ள தீத்தடுப்புச் சரக்கு என்றால் ஆன்டிமனி ட்ரையாக்சைடு துணைக்கு வர வேண்டும். ஆன்டிமனி தனியாக ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. சிவப்புப் பாஸ்பரஸ் கொஞ்சம் போட்டாலே கேட்கும், ஆனால் வெள்ளை நிறத்தில் வார்க்க முடியாது, ஈரத்தில் அமிலம் உண்டாகிச் செம்பையும் அரிக்கும். இத்தனையையும் "பொடி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்களே!

எந்தக் கடை எரிந்தாலும் "மின்கசிவே காரணம்" என்று எழுதுகிறீர்கள். தளர்ந்த ஸ்க்ரூ சூடேறி, அதைத் தாங்கிய பிளாஸ்டிக் பற்றியதா என்று உங்கள் நிருபர் ஒருவர்கூடக் கேட்டதாக நான் படித்ததில்லை. இதுபற்றி முன்பே இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை, பத்திரிகையை நிறுத்தவும் மனம் வரவில்லை.

வரும் ஞாயிறு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: "எரியாது" அல்ல, "சரியான கலவையாக இருந்தால், தீயை எடுத்ததும் தானாக அணையும்."

இப்படிக்கு,
அம்பத்தூர் வாசகர்