பதில் எழுதாத அக்காவிடமிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டை விற்பதற்கான பவர் பத்திரத்தில் நேற்றுக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். நம் உறவினர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. இரவு உறக்கம் வராமல் ஒரு நாவலைக் கையிலெடுத்தேன்; விடியும்வரை கீழே வைக்க முடியவில்லை.

பிலிப்பா பியர்ஸ் எழுதி 1958இல் வெளிவந்த 'டாம்ஸ் மிட்நைட் கார்டன்' அது. தம்பி பீட்டருக்குத் தட்டம்மை கண்டதால் அண்ணன் டாமை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த இடத்திலேயே மூடி வைத்துவிடலாமா என்று நினைத்தேன்; காரணம் உனக்குத் தெரியும். அந்த வீட்டுக் கடிகாரம் இரவில் பதின்மூன்று முறை அடிக்க, டாம் பின்கதவைத் திறக்கிறான். பகலில் குப்பைத் தொட்டிகள் இருந்த இடத்தில் ஒரு பெரிய தோட்டமும், அதில் ஹாட்டி என்ற சிறுமியும். இவன் வயது மாறுவதில்லை. அவளோ ஒவ்வொரு முறையும் வளர்ந்துகொண்டே வருகிறாள். மாடியில் தனியாக வசிக்கும் வயதான அம்மையார் தன் பிள்ளைப்பருவத்தைக் கனவு காண, அந்தக் கனவுக்குள்தான் இவன் இத்தனை நாளும் விளையாடியிருக்கிறான் என்று தெரியவரும் பக்கத்தை மூன்று முறை படித்தேன்.

ஆனால் என்னை உலுக்கியது தோட்டமல்ல. டாம் நாள்தோறும் பீட்டருக்குக் கடிதம் எழுதுகிறான்; படித்ததும் எரித்துவிடச் சொல்கிறான். படுக்கையில் கிடக்கும் பீட்டர் அந்தக் கடிதங்களின் வழியாகவே தோட்டத்துக்குள் வாழ்கிறான்.

நானும் தினமும் எழுதுவதாகத்தான் உன்னிடம் சொல்லிவிட்டுத் திருச்சிக்கு வண்டியேறினேன். நான் திரும்பி வந்தபோது உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். வாசலில் வேப்பிலை காய்ந்து தொங்கியது, நீ திண்ணையில் கால்களை மடக்கி உட்கார்ந்து, "தபால்காரர் உன் கடிதத்தையெல்லாம் தொலைத்துவிட்டாராக்கா?" என்று கேட்டாய். நான் ஆமாம் என்றேன். அதன்பின் அந்த மனிதர் சைக்கிளில் வரும்போதெல்லாம் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை. ஒரு கடிதம்கூட நான் எழுதவில்லை, தம்பி. அத்தை தந்த இன்லேண்டு கடிதத்தாள்களில் படம் வரைந்து முடித்துவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு. ஆனால் எனக்கு ஒன்பது வயது என்பதையும் நினைத்துப் பார். அத்தை வீட்டில்தான் முதன்முறையாக, தம்பியைப் பார்த்துக்கொள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தை உனக்கு எழுதினால் நீ அழுவாய் என்று தோன்றியது. எழுதாமலிருந்தால் அழமாட்டாய் என்று எப்படி நம்பினேனோ தெரியவில்லை. உனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா இரவெல்லாம் விழித்திருப்பாள். எனக்கு வந்தால் பாட்டிதான். இதை இத்தனை வருடம் சொல்லாமலிருந்தவள், இரண்டு நிமிடத் தொலைபேசிப் பேச்சில் நீ வீட்டை முடித்துவைத்தபோது சொல்லியிருக்க வேண்டும்.

கொல்லை மாமரம் நாம் பிறப்பதற்கு முன்பே விழுந்துவிட்டது என்கிறாய். அதன் கிளையில் உன்னைத் தூக்கி உட்காரவைத்த பாரம் இன்னும் என் தோளில் இருக்கிறது. நாவலில் ஒரு மரம் டாமின் கண்ணெதிரே இடி விழுந்து சாய்கிறது. அடுத்த முறை அவன் போகும்போது அப்படியே நிற்கிறது. அதற்காகவே உன்னை இதைப் படிக்கச் சொல்கிறேன், நூலை அனுப்பியும் வைக்கிறேன்.

சாவியைக் கொடுப்பதற்கு முன் கொல்லைப்பக்கம் போய், கிணற்றடியை ஒட்டி மாமரத்தின் அடிக்கட்டை இருக்கிறதா என்று பார். இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்குக் கடிதம் எழுது, தொலைபேசியில் சொல்லிவிடாதே.

அக்கா