இந்த மாத வேலை: துணியில் தாமரைக் குளம்

எல்லோருக்கும் வணக்கம். இந்த மாதம் குஷன் உறையில் தாமரைக் குளம் தைக்கப் போகிறோம். பூவும் இலையும் அப்ளிக், அதாவது துணித்துண்டுகளை வெட்டி மேலே வைத்துத் தைப்பது. காம்பு, இலை நரம்பு, தும்பி எல்லாம் எம்பிராய்டரி.

துணியை முதலில் அலசிக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். சிவப்பும் அடர்பச்சையும் சாயம் விடலாம்; தைத்து முடித்தபின் வெள்ளைத் துணியில் இறங்கினால் மனசு தாங்காது. இதழைச் சுற்றி 5 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள். இலையின் உள்வளைவில், வரைந்த கோட்டைத் தொடாமல் சின்னச் சின்னதாகக் கத்தரித்தால்தான் ஓரம் இழுக்காமல் மடியும். பின்னிதழ்களை முதலில் தையுங்கள், முன்னிதழ் கடைசியில். நரம்புக்கு ஆறு இழை நூலிலிருந்து இரண்டு இழை போதும். காம்புக்கு மூன்று. மகரந்தத்துக்கு பிரெஞ்சு நாட், அதாவது ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் சின்ன முடிச்சு.

நிறம் தேர்ந்தெடுக்கும் முன் ஒடிசாவின் பிப்பிலி அப்ளிக் வேலைகளை ஒருமுறை பாருங்கள். பூரி ஜெகந்நாதர் கோயிலுக்கான விதானங்கள் தைத்து வளர்ந்த கலை அது. மயில், யானை, கிளி, தாமரை என்று அடர்நிறங்களை அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவுட்லைன் படத்தை இன்று மாலை இங்கேயே போடுகிறேன். அப்புறம், தைத்ததைப் போட்டோ எடுக்கும்போது பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள்; முடிச்சு எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வசதியாக இருக்கும்.