முதல் ஐம்பது சுற்றுக்கும் முதல் மூன்று தட்டுக்கும் தோள் கொடுத்தவர்களுக்கு

உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

போன சனி, ஞாயிறு ஏற்காட்டு எஸ்டேட் வீட்டில் பகலெல்லாம் ஃப்ரீசிவ் என்ற நாகரிகம் வளர்க்கும் கணினி ஆட்டம், இரவில் பிளாக் சப்பாத் என்ற ஆங்கில ஹெவி மெட்டல் குழுவின் ஆரம்பகால இசைத்தட்டுகள். இந்த இரண்டையும் ஏன் சேர்த்து வைத்தீர்கள் என்று பலர் கேட்டீர்கள். நாகரிகம் வளர்க்கும் ஆட்டத்தில் முதல் ஐம்பது சுற்றில் விட்டதை அடுத்த இருநூறு சுற்றில் பிடிப்பது பெரும்பாடு. ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசை எப்படி ஒலிக்கப்போகிறது என்பதும் 1970, 1971 என்ற இரண்டே ஆண்டில் வந்த மூன்று தட்டில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஆரம்பத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. யார் என்ன செய்தீர்கள், அது ஏன் சரியாக அமைந்தது என்பதை விவரமாகவே எழுதுகிறோம். அடுத்து இப்படி ஒன்று நடத்துகிறவர்கள் கையிலும் இது இருக்கட்டும்.

முதல் நன்றி வேன் ஓட்டிய அண்ணனுக்கு. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. இன்வெர்ட்டர் பேட்டரியைப் படுக்கவைத்தால் அமிலம் கசியும் என்று நிமிர்த்தி வைத்து, இரண்டு பக்கமும் அரிசி மூட்டையால் அண்டைகொடுத்தீர்கள். ரெக்கார்டு பிளேயரின் கையைக் கட்டி, சுழலும் தட்டைத் தனியாகக் கழற்றித் துணியில் சுற்றச் சொன்னதும் நீங்கள்தான். அதைக் கழற்றாமல் கொண்டுபோனால் வளைவுக்கு வளைவு ஆடி நடு அச்சு தேயும்.

மின்வேலை பார்த்த அண்ணனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மடிக்கணினி சார்ஜர் ஒன்றுக்கு 65 வாட் என்றால் பன்னிரண்டுக்கு 780. ஆம்பிளிஃபயரும் விளக்கும் சேர்ந்தால் ஒரு கிலோவாட். கணக்குப்படி ஐந்து ஆம்பியருக்குள்தான் வருகிறது, ஆனால் பழைய வீட்டின் தளர்ந்த 6 ஆம்பியர் பிளக்கில் பெட்டிமேல் பெட்டி மாட்டினால் பின் சூடாகிக் கருகும். அதனால் கீசர் பாயிண்டிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் இரண்டு லைன் இழுத்தீர்கள். மின்சாரம் போனால் மடிக்கணினிகள் அவற்றின் பேட்டரியில் ஓடும், நடுவில் நின்று அவற்றை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் மட்டும் செத்துவிடும், பன்னிரண்டு பேரும் ஒரே நொடியில் ஆட்டத்தை விட்டு வெளியே விழுவார்கள். அதற்கு ரூட்டருக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ் போதும் என்று காட்டினீர்கள். மாட்டும் முன் ஸ்விட்சின் அடாப்டரைத் திருப்பி 12 வோல்ட் என்று படித்துப் பார்த்தீர்களே, அதுதான் முக்கியம். சில ஸ்விட்ச் 5 வோல்ட், சில 9. பார்க்காமல் மாட்டினால் புகைதான். சனிக்கிழமை மதியம் மழையோடு மூன்று முறை மின்சாரம் போனது, ஒருவரும் வெளியே விழவில்லை.

ஸ்பீக்கரில் கேட்ட அந்த 'உம்ம்' சத்தத்தையும் நீங்கள்தான் பிடித்தீர்கள். ரெக்கார்டு பிளேயரின் பின்னால் தொங்கும் மெல்லிய எர்த் ஒயரை ஆம்பிளிஃபயரின் எர்த் திருகில் முடுக்கியதும் பாதி போனது. ஒலிக்கருவிகள் எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகைக்கு மாற்றியதும் மீதியும் போனது. எர்த் பின்னை உடைத்துவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். சத்தம் நிற்கும், ஷாக் அடிக்கும். அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

எல்லோரையும் சேர்த்து ஆட்டத்தை நடத்தும் கணினியான சர்வரைக் கவனித்த தம்பிக்கு நன்றி. சிட் மையரின் சிவிலைசேஷன் என்ற கணினி ஆட்டம் 1991இல் வந்தது. அதன் வழியில் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதி 1996இல் வெளியிட்டது ஃப்ரீசிவ். காசில்லை, இணையம் வேண்டாம், கிராபிக்ஸ் கார்டு இல்லாத பத்து வருடத்து மடிக்கணினியிலும் ஓடும். சோழர் வரும் சிவிலைசேஷன் ஏழாம் பாகத்தை ஏன் எடுக்கவில்லை என்று கேட்ட பிள்ளைகளுக்கு இதுவே பதில். ஸ்விட்ச் தானாக ஐபி முகவரி தராது என்று தெரிந்து, சர்வருக்கு 192.168.10.1, மற்றவற்றுக்கு 11 முதல் 22 வரை என்று முன்கூட்டியே எழுதி ஒவ்வொரு மூடியிலும் ஒட்டிவைத்திருந்தாய். இணைய மறுத்த ஐந்து மடிக்கணினிகளில் இரண்டு பதிப்பு வேறானவை, மூன்றில் விண்டோஸ் ஃபயர்வால் ஃப்ரீசிவ் பயன்படுத்தும் 5556 போர்ட்டை அடைத்திருந்தது. ஆட்டக்காரர்கள் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டு காரணத்தால்தான். சர்வரும் ஆடுகிறவர்களின் கணினியில் ஓடும் கிளையண்டும் ஒரே பதிப்பாக இருக்க, எல்லோருக்கும் ஒரே பென்டிரைவிலிருந்து போட்டுவிடுவதே நல்லது.

அமைப்புகளையும் ஒழுங்காக வைத்தாய். விதித்தொகுப்பை முதலில் தேர்ந்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும், பின்னால் மாற்றினால் அது வரை போட்டதெல்லாம் பழையபடி ஆகிவிடும். ஒவ்வொரு சுற்றும் தானாகச் சேமிக்க 'சேவ்டர்ன்ஸ்' 1. சுற்றுக்கு 90 நொடி, ஐம்பதுக்குப் பிறகு 180. எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்த்தும் ஆட்டம் என்பதால் சுற்று முடியும் கடைசி நொடியில் ஒரு தடவை, அடுத்த சுற்றின் முதல் நொடியில் ஒரு தடவை என்று படையை இரட்டை நகர்த்தல் செய்ய முடியும். போன தடவை சண்டை வந்ததே இதனால்தான். ஒரு படை நகர்ந்தபின் அடுத்த சுற்றில் நகரக் குறைந்தது எத்தனை நொடி காக்க வேண்டும் என்பதுதான் 'யூனிட்வெயிட்டைம்', அதை 20 என்று வைத்ததும் அந்த வழி அடைபட்டது.

இனி அம்மாபேட்டை அண்ணனுக்கு. நீங்கள் சனிக்கிழமை காலை கரும்பலகையில் எழுதிக் காட்டிய அரை மணி நேரத்தைத்தான் இளையவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஃப்ரீசிவின் 'கிளாசிக்' விதித்தொகுப்பில், ஆரம்பத்து எதேச்சாதிகார ஆட்சியில், இரண்டுக்கு மேல் விளையும் கட்டத்தில் ஒன்று கழியும். புல்வெளிக் கட்டம் உணவு இரண்டு. பாசனம் செய்தால் மூன்று, அதில் ஒன்று கழிந்து மறுபடி இரண்டு. அத்தனை சுற்று வேலையும் வீண். சமவெளிக் கட்டமோ உணவு ஒன்று, பாசனத்துக்குப் பின் இரண்டு, கழிவு கிடையாது. எனவே மன்னராட்சிக்கு மாறும் வரை சமவெளிக்குத்தான் வாய்க்கால். "பச்சையா இருக்கேன்னு தண்ணிய அங்க விடாதீங்கப்பா" என்று சொன்னீர்கள், அதோடு பாதிப் பேர் தங்கள் வேலையாட்களைத் திருப்பினார்கள். மன்னராட்சிக்கு எழுத்து, சட்டத்தொகுப்பு, ஈமச்சடங்கு என மூன்றைக் கற்றால் வழி திறக்கும். அதற்கு முன் வேறு எதிலும் அறிவியலைச் செலவழிக்க வேண்டாம் என்றதும் சரியாகவே பலித்தது.

குடியேறிகள் பற்றிச் சொன்னதும் அப்படியே. முப்பது உற்பத்தி, ஒரு குடி செலவு. நகரம் அளவு ஒன்றில் நின்றால் முப்பதும் நிறைந்த பிறகும் குடியேறி வெளியே வராது, உற்பத்தி சும்மா காத்துக்கிடக்கும். அதனால் முதலில் பத்து உற்பத்தியில் ஒரு போர்வீரன், பிறகு குடியேறி. தானியப் பெட்டி நிறைவதும் முப்பது நிறைவதும் ஒரே சுற்றில் விழும்படி கட்டங்களை மாற்றிப் போட வேண்டும். நகரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்ற பழைய சண்டையையும் தீர்த்துவைத்தீர்கள். நகரம் எட்டும் கட்டம் 21, ஆனால் நீர்வழி கட்டாத நகரம் அளவு எட்டைத் தாண்டாது. எட்டுக் குடி உழைப்பது எட்டுக் கட்டத்தில், நடுக் கட்டத்தையும் சேர்த்தால் ஒன்பது. மீதிப் பன்னிரண்டும் நெடுங்காலம் தரிசுதான். ஆகவே ஆரம்பத்தில் நெருக்கி வைப்பதே லாபம். இதை எண்ணிக் காட்டும் வரை எங்களில் பலர் ஐந்து கட்டம் தள்ளியே ஊர் வைத்துக்கொண்டிருந்தோம்.

உலக அதிசயம் கட்டும்போது வேறு வகைப் பொருளிலிருந்து மாற்றினால் சேர்த்த உற்பத்தியில் பாதி போய்விடும், வணிகக் கூட்டமாகக் கட்டி அனுப்பினால் அதன் ஐம்பது உற்பத்தியும் முழுசாகச் சேரும். வெட்டவெளியில் ஆறு கவண்பொறியை ஒரே கட்டத்தில் அடுக்கி வைத்தால், எதிரி ஒரு தடவை ஜெயித்ததும் ஆறும் போகும். கோட்டையிலோ நகரத்திலோ நிறுத்தினால் ஒன்றுதான் போகும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் முடிவே இதில்தான் திரும்பியது.

இரவுக்கு வருகிறோம். தட்டுகளைக் கொடுத்த ஐயா, உங்கள் பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. மூன்றையும் காய்ச்சி வடித்த நீரால் மட்டும் துடைத்துத் தந்தீர்கள். சேலத்து போர்வெல் தண்ணீரைத் தொட்டால் காய்ந்தபின் பள்ளங்களில் வெள்ளை உப்புப் படியும், ஒவ்வொரு சுழற்சிக்கும் 'டிக்' என்று கேட்கும். மரத்தளத்தில் நடந்தால் ஊசி துள்ளுகிறது என்றதும், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சமையலறையிலிருந்து கடப்பைக் கல்லைத் தூக்கிவந்தார். அதைச் சுவரோரத் திண்ணையில் வைத்து அதன்மேல் பிளேயரை வைத்ததும் துள்ளல் நின்றது. ஸ்பீக்கரை அதே திண்ணையில் வைத்திருந்தால் பேஸ் கிட்டாரின் அதிர்வு ஊசிக்கே திரும்பிவந்து ஊளையிட்டிருக்கும்.

சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஐயா, உங்களிடம் கேட்டது தராசு மட்டும். வெள்ளி நிறுக்கும் தராசு ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். ஊசியின் அழுத்தம் இரண்டு கிராம் இருக்க வேண்டும் என்றதும், தராசின் எஃகுத் தட்டு ஊசித்தலையின் காந்தத்தை இழுத்துப் பொய் எடை காட்டுமே என்று நீங்களே ஒரு மரக்கட்டையை இடையில் வைத்தீர்கள். அதுவும் இசைத்தட்டின் மேற்பரப்பு இருக்கும் அதே உயரத்துக்கு. முதலில் காட்டியது 2.90, திருகியபின் 2.00. அந்த 0.90ஐ விட்டிருந்தால் தட்டும் ஊசியும் சீக்கிரம் தேய்ந்திருக்கும்.

அதோடு விடவில்லை நீங்கள். பிளாக் சப்பாத்தின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமியின் விரல் கதையைக் கேட்டதும் அதைத் தொழில்காரராகவே கேட்டீர்கள். பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலை, 1965, அவருக்கு வயது பதினேழு, அந்த வேலையில் கடைசி நாள். வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போயின. இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கையே அதுதான். இரண்டு கைக்கும் இரண்டு பொத்தான் வைத்து, இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும்படி இருந்தால் இது நடந்திருக்காது என்று பட்டறைப் படத்தை எடுத்துக் காட்டினீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, சூடான சால்டரிங் இரும்பால் குழி செய்து, தேய்த்து, மேலே தோல் ஒட்டி அவர் செய்துகொண்ட விரல்குப்பியை அங்கேயே ஒன்று செய்து காட்டினீர்கள். அதைப் போட்டு அழுத்திப் பார்த்தபோதுதான் புரிந்தது: விரல் நுனியில் உணர்வே இல்லை, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். மெல்லிய தந்தியை அவர் தேடியது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

கிட்டார் தம்பிக்கும் இங்கேயே நன்றி. முதல் தட்டிலிருந்தே சுருதியைத் தாழ்த்தினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். முதலிரண்டும் வழக்கமான சுருதிதான், மூன்றாவதில், 1971இல்தான், மூன்று அரைச்சுரம் இறங்கி சி ஷார்ப்புக்குப் போனார்கள். அப்படி இறக்கினால் தந்தியின் இழுவிசை சுமார் முப்பது சதவீதம் குறையும், தந்தி தொளதொளத்துக் கட்டையில் உரசும். அதே இறுக்கம் வேண்டுமானால் தந்தியின் தடிமன் 1.19 மடங்கு ஆக வேண்டும். ஒன்பதாம் எண் தந்திக்குப் பதில் பதினொன்று. சிவதாபுரத்து ஐயா ஸ்குரூகேஜில் அளந்து 0.23 மில்லிமீட்டர், 0.28 மில்லிமீட்டர் என்று காட்டினார். கணக்கும் கருவியும் ஒத்துப்போனது கண்முன் நடந்தது.

இசை ஆசிரியை அம்மா, நீங்கள் வந்ததை எங்களால் மறக்க முடியாது. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அந்த முதல் பாட்டு மழையும் மணியோசையுமாகத் தொடங்குகிறது. பிறகு மூன்றே சுரம். கேட்டதும் சொன்னீர்கள்: சட்ஜம், மேல் சட்ஜம், பிரதி மத்யமம். கல்யாணியில் இனிக்கிற அதே மத்யமம் இங்கே ஏன் அடிவயிற்றைப் பிசைகிறது என்று யாரோ கேட்டார்கள். கல்யாணியில் பக்கத்தில் காந்தாரம் நின்று தாங்குகிறது, பஞ்சமம் அருகில் இருக்கிறது. இங்கே அதைத் தனியாக நிறுத்தி, அப்படியே நடுங்கவிடுகிறார்கள் என்று இரண்டையும் பாடிக் காட்டினீர்கள். 1969 அக்டோபர் 16 அன்று லண்டனில் ஒரே நாளில் பதிவான தட்டு அது. மெட்டல் பற்றி எத்தனையோ படித்திருக்கிறோம், இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

குழுவின் பாடகர் ஓசி ஆஸ்போர்ன் 2025 ஜூலை 22 அன்று காலமானார். அதற்குப் பதினேழு நாள் முன்பு, குழு பிறந்த ஆஸ்டனிலேயே நால்வரும் கடைசியாக ஒன்றாக மேடையேறினார்கள். அவருக்காக மூன்றாம் தட்டின் முதல் பக்கத்தை விளக்கணைத்துக் கேட்டபோது ஜன்னலுக்கு வெளியே ஒரே மூடுபனி. யாரும் பேசவில்லை.

தட்டுவடை செட் போட்ட அக்காவுக்கும் நன்றி. சட்னியும் துருவலும் தனித்தனி டப்பாவில் வந்ததால் தட்டை நமத்துப்போகவில்லை. சாப்பிட்ட கையோடு இசைத்தட்டையும் விசைப்பலகையையும் தொடாமலிருக்க ஈரத்துணியும் நீங்களே வைத்திருந்தீர்கள்.

கடப்பைக் கல் அக்காவிடம் திரும்பச் சேர்ந்துவிட்டது. ஒரு எட்டுத் துளைப் பலகை, நீல நிற நெட்வொர்க் கேபிள் இரண்டு, ஒரு ஸ்குரூகேஜ் ஆகியவை எங்களிடம் இருக்கின்றன. ஸ்குரூகேஜ் சிவதாபுரத்து ஐயாவுடையது என்று தெரியும், இந்த வாரமே கொண்டுவந்து தருகிறோம். மற்றவை யாருடையவை என்று சொல்லுங்கள். இரண்டு நாள் ஆட்டத்தின் சேமிப்புக் கோப்புகள் சர்வர் தம்பியிடம் உள்ளன. ஐம்பதாம் சுற்றிலிருந்து மறுபடி ஆட விரும்புகிறவர்கள் பென்டிரைவோடு வரலாம். அதே பதிப்பு ஃப்ரீசிவ் இருந்தால்தான் சிக்கலில்லாமல் திறக்கும்.