காதில் விழுகிறது, விளங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுக் கோயில் திருவிழாக்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடுதான் படிக்க உட்கார்ந்தேன். திருக்கோஷ்டியூர் பற்றிய பத்தியில், அந்தக் காலத்தில் மைக் இருந்திருந்தால் ராமானுஜர் கோபுரம் ஏறியிருக்க வேண்டாம் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். விளையாட்டாக எழுதியிருப்பார்கள், விடுங்கள் என்றான் மகன். என்னால் விட முடியவில்லை.

18 தடவை நடையாய் நடந்து குரு திருக்கோஷ்டியூர் நம்பியிடம் ரகசியமாகப் பெற்ற மந்திரத்தை, தனக்கு நரகம் கிடைத்தாலும் பரவாயில்லை என்று கோபுரம் ஏறி ஊராருக்குச் சொன்னவர் ராமானுஜர். சொன்னது ஒவ்வொருவருக்கும் புரிய வேண்டும் என்பதுதான் அவர் ஏறியதன் நோக்கம். எங்கள் ஊர்க் கோயிலில் இன்று நாலு திசைக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் எங்கள் வீட்டு வளவு, அதாவது நடு முற்றம், வரைக்கும் அதிர்கிறது. அதில் வருவது தேவாரமா, அன்னதான அறிவிப்பா என்று சந்நிதியில் நிற்கிறவர்களுக்கே தெரிவதில்லை. இதையும் கோபுரம் ஏறியவரையும் ஒரே வரியில் வைத்துப் பேசலாமா?

பள்ளியில் பல காலம் இயற்பியல் நடத்தியவள் நான். கருங்கல் தன்மேல் விழும் ஒலியில் நூற்றில் ஓரிரு பங்கைத்தான் உள்வாங்கும். மிச்சமெல்லாம் திரும்பி வந்து தூணிலும் தளத்திலும் மோதி மண்டபத்துக்குள்ளேயே சுற்றும். ஒரு சொல்லின் உயிரோசை ஒலித்து அடங்குவதற்குள் அடுத்த சொல்லின் மெய்யெழுத்து வந்து அதில் முங்கிப்போகும். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் அதே அளவு கூடுமே தவிர, சொல் தெளியாது. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை என்று வாலஸ் சேபைன் என்ற இளம் ஆசிரியரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். பேசுகிறவரை உரக்கப் பேசச் சொல்லவில்லை அவர். இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, அடுக்க அடுக்க எதிரொலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தார். ஆடை உடுத்திய மனித உடம்பும் மெத்தையைப் போல ஒலியை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் கூட்டம் நெரியும் நாளில் ஓரளவு தெளிவாகக் கேட்கிறது. திருவிழாவுக்கு வைத்த அதே அளவை, பத்துப் பேர்கூட இல்லாத சாதாரண மாலைப் பூசையான சாயரட்சைக்கும் வைத்தால் வெறுங்கல்லில் மோதி மண்டையைப் பிளக்காமல் என்ன செய்யும்?

திருப்பணி என்ற பெயரில் செய்ததையும் சொல்கிறேன். பிராகாரம் வானம் பார்த்து இருந்த வரைக்கும் மேளச் சத்தம் மேலே போய்விடும். திறந்த வானத்தைப் போல ஒலியை வாங்கிக்கொள்ளும் பொருள் வேறில்லை. வெயிலுக்கும் மழைக்கும் என்று மேலே தகரம் போட்டார்கள், மண்டபச் சுவரில் வழுவழுப்பான டைல்ஸ் ஒட்டினார்கள், ஓரத்தை அடைத்துக் கண்ணாடிக் கதவு வைத்தார்கள். ஒலி வெளியேற இருந்த வழியெல்லாம் போயிற்று. நம் பெரியவர்கள் வீட்டுக்கு நடுவில் வளவைத் திறந்து விட்டுத்தான் கட்டினார்கள். அந்த வீடுகளில் பிறந்தவர்களே கோயிலுக்கு மூடி போட்டதை நினைத்தால் வயிறு எரிகிறது.

எல்லாவற்றிலும் தாங்க முடியாதது மோட்டார் மேளம். சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் தானே அடிக்கும் பெட்டி. நாதஸ்வரமும் தவிலும் திறந்த வீதிக்கென்றே உண்டான வாத்தியங்கள், மைக் இல்லாமலே தேரோடும் வீதி முழுக்கக் கேட்கும். வாசிக்கிறவர் சந்நிதியைப் பார்த்து, தீபாராதனையைப் பார்த்து ஏற்றுவார், இறக்குவார். பெட்டிக்கு அது ஏது? எங்கள் ஓதுவார் ஐயாவுக்கு வயதாகிவிட்டது. அவர் வாயைத் திறக்கும் நேரத்தில்தான் சுவிட்சைப் போடுகிறார்கள். உதடு அசைவதைப் பார்த்து இது என்ன பதிகம் என்று நானாக ஊகித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பாடி முடித்துத் திருநீறு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

இதைப் பற்றி நிர்வாகத்தில் ஒருவரிடம் பணிவாகத்தான் கேட்டேன். "ஆச்சி, சத்தம் குறைஞ்சா கோயில்ல ஒண்ணும் நடக்கலைன்னு ஊர்ல நினைச்சுக்குவாக. உபயதாரருக்கும் மனசு கஷ்டப்படும்" என்றார். நான் விடாமல் பேசவும், "மத்த மதத்துக்காரக போடுறாகளே, அங்கே போய்ச் சொல்லுங்களேன்" என்றார். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபை தொடர்பான வழக்கில். பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியாலும் மேளத்தாலும் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று அதில் தெளிவாகவே கூறியிருக்கிறார்கள். அதே ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் போடக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். மார்கழி மாதம் விடியுமுன்னே குழாய் அலறும்போது இந்த விதி எந்த ஊரில் இருக்கிறது? மாசி, பங்குனித் திருவிழாவும் பிள்ளைகளின் பொதுத்தேர்வும் ஒன்றாக வருவது ஒவ்வோர் ஆண்டும் தெரிந்ததுதானே. தேர்வுக்கு முந்தின இரவு காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் வந்து படித்த பிள்ளைகளைப் பார்த்தவள் நான். அப்போதே தங்கள் பத்திரிகைக்கு எழுதினேன். வெளிவரவில்லை. கும்பாபிஷேகச் சிறப்பு மலருக்கு மட்டும் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது.

மைக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் காது முன்போல் இல்லை. கோபுரத்துக் குழாயை இறக்கிவிட்டு, மண்டபத்துக்குள் தூணுக்குத் தூண் சிறிய ஸ்பீக்கர் பெட்டியைக் கேட்பவர் காது மட்டத்தில், குறைந்த சத்தத்தில் வைத்தால் போதும். பக்கத்துப் பெட்டியின் ஒலி எதிரொலிக்கு முந்தி, அதைவிட வலுவாகக் காதுக்கு வந்துவிடும். மின்சாரம் உடனே ஓடிவிடும், குரலோ நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். ஆகவே இரண்டும் ஒரே நேரத்தில் காதில் விழ, பாடுகிறவரிடமிருந்து 17 மீட்டர் தள்ளியிருக்கும் பெட்டிக்கு நொடியில் இருபதில் ஒரு பங்கு தாமதம் வைக்க வேண்டும். ஒலியைச் சீர்செய்யும் இன்றைய டிஜிட்டல் மிக்சர் கருவிகள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. இதைக் கேட்டு வாங்கத்தான் ஆள் இல்லை. செலவுக்குப் பயந்தவர்கள் அல்லர் நம்மவர்கள். கல்வெட்டில் பெயர் வருமென்றால் அடுத்த வாரமே செய்துவிடுவார்கள்.

தங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். அடுத்த திருவிழா மலரில், உபயதாரர் படங்களுக்கு நடுவே ஓர் ஓரத்தில், மேலே சொன்ன 2000-ஆம் ஆண்டு விதிகளைக் கட்டம் கட்டிப் போடுங்கள். தங்கள் நிருபர் எந்தக் கோயிலுக்குச் செய்தி சேகரிக்கப் போனாலும், ஓதுவார் பாடி முடிக்கும் வரைக்கும் அந்த மோட்டார் மேளத்தை நிறுத்தி வைக்க முடியுமா என்று நிர்வாகத்தைக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே அச்சில் போடட்டும். நான் கேட்டால் ஆச்சிக்கு வயசாகிவிட்டது என்கிறார்கள். பத்திரிகை கேட்டால் பதில் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
தேவகோட்டை