மிச்ச நேரத்தில் எடுத்த பாட்டு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நான் பரணை ஒழித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் பதில் தாமதம்.

மருமகள் கேட்ட கேள்வி மனதிலேயே நிற்கிறது. குயின் என்ற இங்கிலாந்து ராக் பேண்டின் 'போஹீமியன் ராப்சடி' பாட்டைக் கேட்டுவிட்டு, "நாலு பேர் பேண்டில் இத்தனை குரல் எப்படிப்பா? அப்போ கம்ப்யூட்டர்கூட இல்லையே" என்றாளாமே. மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நீ சொன்னது நல்லதாகப் போயிற்று. இதைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும் என்று எனக்கும் ரொம்ப நாளாக ஆசை.

நாலு பேர்கூட இல்லை, பாடியது மூன்று பேர்தான். ஃப்ரெடி மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர். அந்த உச்சியில் கத்துகிற குரல் டிரம்ஸ் வாசித்த ரோஜருடையது. பேஸ் கிட்டார் வாசித்த ஜான் டீக்கன் இதில் பாடவில்லை. அவளுக்குச் சரியாகப் புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னாலிருந்து வர வேண்டும்.

1971-இல் லண்டனில் டி லேன் லீ என்ற ஸ்டுடியோ புது இடத்துக்கு மாறியது. கருவிகளைச் சோதித்துப் பார்க்கச் சத்தமாக வாசிக்கிற ஆட்கள் தேவைப்பட்டார்கள். குயின் போய் வாசித்தது. அதற்கு ஈடாகத் கம்பெனிகளுக்குப் போட்டுக் காட்டுகிற மாதிரிப் பாடல்களை, அதாவது டெமோவை, இலவசமாகப் பதிந்துகொண்டார்கள். அப்புறம் சோஹோவில் ட்ரைடென்ட் ஸ்டுடியோ. அங்கே காசு கொடுத்துப் பதிய வருகிறவர்கள், டேவிட் போவி மாதிரிப் பெரிய ஆட்கள், வேலை முடித்துக் கிளம்பிய பிறகு மிஞ்சுகிற நேரம்தான் இவர்களுக்கு. பல நாள் நடுராத்திரி தாண்டி ஆரம்பித்து விடியும் வரைக்கும் பதிந்திருக்கிறார்கள். இப்படி 1972-இல் எடுத்த முதல் ஆல்பம் 1973 ஜூலையில்தான் வெளிவந்தது. பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

நேரம் மட்டுமல்ல, கருவிகளும் மிச்சம் மீதியில் வந்தவைதான். பிரையன் மேயின் கிட்டார் கடையில் வாங்கியது இல்லை. 1963-இல் பள்ளிப் பையனாக இருந்தபோது அப்பாவோடு சேர்ந்து செய்ய ஆரம்பித்து, முடிக்க இரண்டு வருஷம் ஆனது. கழுத்துக்கு நூறு வருஷத்துக்கும் பழைய கணப்படுப்பின் மேல்சட்டம். பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் பழைய மோட்டார்சைக்கிள் எஞ்சினின் வால்வு ஸ்பிரிங்குகள். விரல் வைக்கும் இடத்தைக் காட்டுகிற வெள்ளைப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த சிப்பிப் பொத்தான்கள். இன்று வரை அதைத்தான் வாசிக்கிறார், அதுவும் கம்பியை மீட்டுகிற பிளாஸ்டிக் பிக்கை விட்டுவிட்டு ஆறு பென்ஸ் நாணயத்தால். ஜான் டீக்கன் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். 1972-இல் தெருக் குப்பைத்தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து வந்து கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒன்று செய்தார். பேட்டரியில் ஓடுவது. அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

1974-இல்தான் கதவு திறந்தது. பிப்ரவரியில் பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சி, அடுத்து 'செவன் சீஸ் ஆஃப் ரை' இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் முதல் பத்து பாடல்களுக்குள், வருஷக் கடைசிக்குள் 'கில்லர் குயின்' இரண்டாம் இடம். நடுவில் அமெரிக்கப் பயணத்தில் பிரையனுக்கு மஞ்சள் காமாலை வந்து பாதியில் திரும்பினார்கள். அவர் ஆஸ்பத்திரியில் கிடக்க, மற்ற மூவரும் அவர் கிட்டாருக்கு இடம் விட்டுவிட்டுப் பாடல்களைப் பதிந்துவைத்தார்கள். எழுந்து வந்து நிரப்பினார். பந்தியில் ஒருத்தருக்கு இலை போட்டுக் காத்திருக்கிற மாதிரி. எனக்கு அந்த பேண்டைப் பிடித்துப்போனதற்கு இதுவும் காரணம்.

சரி, ராப்சடிக்கு வருகிறேன். 1975 ஆகஸ்டில் வேல்ஸ் நாட்டுப்புறத்தில் ராக்ஃபீல்ட் என்ற பண்ணை ஸ்டுடியோவில் ஆரம்பித்தார்கள். தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கர். நடுவில் வருகிற ஆப்பெரா பகுதிக்கு மட்டும் மூன்று வாரம். டேப்பில் 24 ட்ராக்தான் உண்டு, அதாவது பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாகப் பதிகிற 24 வரிசை. மூவரும் பாடுவார்கள், அதன்மேல் திரும்பப் பாடுவார்கள், ட்ராக்குகள் நிறைந்ததும் எல்லாவற்றையும் கலந்து ஒன்றிரண்டு ட்ராக்கில் இறக்கிவிட்டு, காலியான இடத்தில் மறுபடி பாடுவார்கள். இப்படியே 180 அடுக்கு வரை போயிற்று என்கிறார்கள். கலந்ததைப் பிரிக்க முடியாது, பிடிக்கவில்லையென்றால் முதலிலிருந்துதான். முழுப் பாட்டும் ஃப்ரெடியின் தலைக்குள் மட்டுமே இருந்தது. மற்றவர்கள் அவர் சொன்ன இடத்தில் சொன்னதைப் பாடினார்கள்.

ஒரு கட்டத்தில் டேப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரிந்ததாம். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் ரெக்கார்டிங் சென்டரில் தினமும் கடை கட்டும்போது ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால், டேப் உரசி ஓடுகிற ஹெட்டைத் துடைப்பேனே, ஞாபகமிருக்கிறதா? பஞ்சில் பழுப்பாக ஒரு தூள் ஒட்டும். அழுக்கு என்று எறிந்துவிடுவோம். அது அழுக்கில்லை, மாப்ளே. டேப்பின்மேல் பூசிய இரும்பு ஆக்சைடு, பாட்டு எழுதப்பட்டிருக்கிற மை அதுதான். ஓட்ட ஓட்ட உதிரும். அவர்கள் டேப் கண்ணாடி மாதிரி ஆகுமளவுக்கு ஓட்டியிருக்கிறார்கள் என்றால் பாட்டு கையைவிட்டுப் போகிற எல்லை வரைக்கும் போய்வந்திருக்கிறார்கள். மிச்ச நேரத்தில் வளர்ந்த பையன்களுக்கு மூன்று வாரம் முழுசாகக் கிடைத்ததும் அதில் ஒரு நிமிஷத்தைக்கூட வீணாக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

ரெக்கார்டு கம்பெனிக்குப் பயம், 5 நிமிஷம் 55 விநாடிப் பாட்டை எந்த ரேடியோ போடும் என்று. லண்டன் கேப்பிட்டல் ரேடியோவில் அறிவிப்பாளர் கென்னி எவரெட் இரண்டே நாளில் 14 தடவை போட்டார். அக்டோபர் கடைசியில் வெளிவந்து, ஒன்பது வாரம் முதலிடம்.

மருமகளை ஒன்று செய்யச் சொல். ராப்சடி இருக்கிற அதே ஆல்பத்தில் 'குட் கம்பெனி' என்று ஒரு பாட்டு. ஹெட்ஃபோனில் கேட்கட்டும். பாதிக்கு மேல் டிரம்பெட், கிளாரினெட் எல்லாம் சேர்ந்து பழைய ஜாஸ் கோஷ்டி மாதிரி வாசிக்கும். அதில் ஊதுகிற வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாமே கணப்படுப்புக் கட்டையில் செய்த அந்தக் கிட்டார்தான், குப்பைத்தொட்டி ஆம்ப் வழியாக. ஒவ்வொரு ஸ்வரமாகப் பதிந்து கோர்த்தது. முதலில் சொல்லிவிடாதே. கேட்டு முடித்ததும், என்னென்ன வாத்தியம் என்று அவளிடம் கேள்.

பரணில் நீ 85-இல் பெயர் எழுதி வைத்த கேசட் கிடைத்தது. உன் கையெழுத்து அப்படியே இருக்கிறது. ஓட்டிப் பார்க்கவில்லை. சித்திரையில் நீங்கள் வரும்போது ஹெட்டைத் துடைத்து வைக்கிறேன், சேர்ந்து கேட்போம்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்