உன் போனுக்கு அப்டேட் ஏன் வரவில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அன்று கடையில் கூட்டமாக இருந்ததால் நீ கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "போன் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் அப்டேட் வர மாட்டேங்குது? வேணும்னே நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டாய். சர்வீஸுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிடலாம். உனக்கு முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் செட்டிங்ஸைத் திற. அப்டேட் பக்கம் உன் போன் அப்டேட்டாகத்தான் இருக்கிறது என்று சொல்லும். அதை வைத்து நிம்மதியாக இருந்துவிடாதே. கம்பெனி கடைசியாக அனுப்பியது உன்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். போனைப் பற்றிய விவரங்கள் இருக்கும் பக்கத்துக்குப் போய்ப் பாதுகாப்பு அப்டேட்டின் தேதியைப் பார். பக்கத்திலேயே கெர்னல் என்று ஒரு வரி இருக்கும், உன் மாடலில் அது 4.14 என்று தொடங்கும். கெர்னல் என்பது ஆண்ட்ராய்டுக்கு அடியில் நின்று போனின் பாகங்களை இயக்கும் மென்பொருள், அதன் பெயர் லினக்ஸ். லினக்ஸின் அந்தப் பதிப்பு 2017 நவம்பரில் வந்தது. அதை எழுதியவர்களே 2024 ஜனவரியோடு அதைப் பராமரிப்பதை நிறுத்திவிட்டார்கள். உன் போன் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

ஆண்ட்ராய்டை எழுதுவது கூகுள். ஆனால் கூகுள் எழுதியது நேராக உன் கைக்கு வந்துவிடாது. நடுவில் குவால்காம், மீடியாடெக் மாதிரி சிப் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கேமரா, வைஃபை, சிக்னல், திரையில் ஓடும் படம் எல்லாவற்றையும் இயக்கும் டிரைவர் என்ற சின்ன மென்பொருள்களைப் புது ஆண்ட்ராய்டுக்கு ஏற்ற மாதிரி அவர்கள்தான் மாற்றித் தர வேண்டும். அதில் பல பகுதிகளின் சோர்ஸ் கோடை, அதாவது அவர்கள் எழுதிய மூல நிரலை, வெளியே கொடுக்கவே மாட்டார்கள். போன் கம்பெனி அதை வாங்கித் தன் மாடலுக்குப் பொருத்தி, கூகுள் வைக்கும் சோதனைகளில் தேறிய பிறகுதான் உனக்கு அனுப்ப முடியும். சிப்காரர் கையை விரித்துவிட்டால் அப்டேட் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

இதற்கு நான் எப்போதும் சொல்வது கேலக்ஸி நெக்ஸஸ் கதையை. 2011இல் கூகுள் தன் பெயரில் சாம்சங்கை வைத்துச் செய்த போன் அது. ஆண்ட்ராய்டு 4.0 முதலில் வந்ததே அதில்தான். இரண்டே வருடத்தில், 2013 கடைசியில், 4.4 கிட்காட் வந்தபோது அதற்குக் கிடையாது என்று கூகுள் சொல்லிவிட்டது. இத்தனைக்கும் கிட்காட்டை 512 எம்பி ரேம் உள்ள சின்னப் போன்களிலும் ஓடுகிற மாதிரி சுருக்கிச் செய்திருந்தார்கள். நெக்ஸஸில் இருந்தது 1 ஜிபி. பதினெட்டு மாதம்தான் அப்டேட், அந்தக் காலம் முடிந்துவிட்டது என்பது கூகுள் சொன்ன காரணம். ஆனால் அதில் இருந்த சிப் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த ஓமேப். அந்தக் கம்பெனி 2012லேயே போன் சிப் தொழிலை விட்டு விலகியிருந்தது. டிரைவரைப் புதுப்பிக்கக் கேட்டாலும் செய்து தர ஆள் இல்லை. ஆனால் அதே போனில் ஆர்வலர்கள் தாங்களாகவே கிட்காட்டை ஏற்றி ஓட்டிக் காட்டினார்கள்.

நெதர்லாந்தில் ஃபேர்போன் என்று ஒரு சின்னக் கம்பெனி இருக்கிறது. 2015இல் அவர்கள் விற்ற ஃபேர்போன் 2க்கு குவால்காமின் ஆதரவு ஆண்ட்ராய்டு 6 வரைதான். அதற்கு மேல் அவர்களே வேலை செய்து 7, 9, 10 என்று கொடுத்தார்கள். 2023 மார்ச்சில்தான் நிறுத்தினார்கள். விற்ற பொருளுக்குக் கடைசிவரை பொறுப்பு ஏற்பது என்றால் இதுதான் கண்ணு. தொழில் செய்கிறவன் என்ற முறையில் எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை.

எல்லாமே கம்பெனிக்காரர்களின் மனசு மட்டும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஐபோன் 5இல் இருந்தது 32 பிட் என்ற பழைய வகைச் சிப். 2017இல் ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ் 11 வந்தபோது ஆப்பிள் 32 பிட்டையே விட்டுவிட்டது, அதனால் அந்தப் போன் வெளியே நின்றது. ஆனால் 2015இல் வந்த ஐபோன் 6எஸ், ஐஓஎஸ் 15 வரை வாங்கியது. சிப், சாஃப்ட்வேர் இரண்டுமே ஆப்பிள் கையில் இருப்பதால் வேறு யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. மற்ற கம்பெனிகளில் கணக்கு எளிது: உன்னிடம் காசு வாங்குவது ஒரு தடவை, இன்ஜினியர்களுக்குச் சம்பளம் மாதாமாதம். அடுத்த மாடலை விற்கவும் வேண்டும். அதனால் நீ கேட்ட சந்தேகத்தில் பாதி உண்மைதான். போன முறை நீ வந்தபோது நானே பேட்டரி மாற்றினேனே, போர்டில் ஒரு துரு கிடையாது. டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த காம்போவும் ஒரிஜினல். அப்படிப்பட்ட போனை ஓரம் கட்டச் சொல்வது எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது.

இருந்தாலும் சொல்கிறேன். பேங்க் ஆப், யூபிஐ, ஓடிபி வரும் சிம் இவற்றை அந்தப் போனில் வைத்துக்கொள்ளாதே. குரோம், ஆப்கள் எல்லாம் பிளே ஸ்டோர் வழியாக இன்னும் கொஞ்ச காலம் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் கெர்னலிலோ வைஃபை டிரைவரிலோ ஓட்டை இருந்தால் பிளே ஸ்டோரால் அடைக்க முடியாது. ஆர்வலர்கள் பழைய போன்களுக்காகச் செய்து தரும் ஆண்ட்ராய்டான லீனியேஜ்ஓஎஸ் போட்டுத் தரச் சொல்வாய், தெரியும். மாடல் அவர்கள் பட்டியலில் இருந்தால் போட்டுத் தருகிறேன், ஆனால் பல பேங்க் ஆப்கள் அதில் திறக்காது. பாட்டு கேட்க, படம் பார்க்க என்றால் சரி.

புதுசு வாங்கும்போது மெகாபிக்சலைப் பார்ப்பதற்கு முன்னால் எத்தனை வருடம் அப்டேட் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார். 2023இல் வந்த பிக்சல் 8, 2024இல் வந்த கேலக்ஸி எஸ்24 இரண்டுக்கும் ஏழு வருடம் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த வருடக் கணக்கு மாடல் வெளிவந்த நாளிலிருந்துதான், நீ வாங்கிய நாளிலிருந்து இல்லை. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளி ஆஃபரிலும் விலை இறங்கிக் கிடக்கும் மாடல்களில் பலவற்றுக்கு இரண்டு மூன்று வருடம் ஏற்கெனவே கழிந்திருக்கும். ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி வந்திருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருடம் அப்டேட் கொடுக்க வேண்டும் என்கிறது. கணக்கை எங்கிருந்து தொடங்குகிறார்கள் பார், அதுதான் நியாயமான கணக்கு.

இரண்டு மூன்று மாடல் பார்த்து வைத்துவிட்டுப் பெயரை அனுப்பு. எது எப்போது வெளிவந்தது, இன்னும் எவ்வளவு காலம் பாக்கி என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ஆஃபர் முடிகிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் பணம் கட்டாதே. பழைய போனை ரீசெட் செய்யாமல் அப்படியே எடுத்து வா, படங்களை எல்லாம் நானே எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா