இணையத்துக்குப் பூட்டு போட்டது ஹேக்கர்களா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இணையத்தில் இத்தனை கட்டுப்பாடுகள் வந்ததற்கு ஹேக்கர் கும்பல்கள்தான் காரணம், அவர்கள் சும்மா இருந்திருந்தால் அரசாங்கம் நம் பக்கமே எட்டிப் பார்த்திருக்காது என்று சில நாட்களுக்கு முன் ஒரு வாசகர் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் கோவில்பட்டியில் பதினான்கு வருடம் பிரவுசிங் சென்டர் நடத்தியவன். 2005-இல் ஆறு கம்ப்யூட்டரோடு ஆரம்பித்து 2019-இல் மூடினேன். எந்த விதி எப்போது வந்தது, எதற்காக வந்தது என்பதைக் கல்லாவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர் சொல்வதுபோல அது நடக்கவில்லை.

முதலில் என் கடைக்கு வந்த விதியைச் சொல்கிறேன். 2011 ஏப்ரலில் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. வருகிற ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை வாங்கிப் பார்க்க வேண்டும், பெயர், முகவரி, வந்த நேரம், போன நேரம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும், கேபின் தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. நான் ஆசாரியை வரவழைத்து ஆறு கேபின் பிளைவுட்டையும் அறுத்துக் குறைத்தேன். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, தடுப்பு இறங்கிய பிறகு பெண்பிள்ளைகள் தயக்கமில்லாமல் உள்ளே வந்தார்கள். நோட்டுதான் கொடுமை. ரிசல்ட் பார்க்க ஓடி வரும் பிள்ளையிடம் ஐடி புரூஃப் கேட்க வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் கணவரோடு பேச வந்த பெண்ணிடம் வீட்டு முகவரியை நாலு பேர் முன்னால் சொல்லச் சொல்ல வேண்டும். ரேஷன் கார்டு வீட்டில் இருக்கிறது என்று திரும்பிப் போனவர்கள் பலர் மறுபடி வரவே இல்லை.

இந்த விதிக்கு எந்த ஹேக்கர் கும்பல் காரணம்? ஒன்றும் இல்லை. 2008-இல் அகமதாபாத்திலும் டெல்லியிலும் குண்டுகள் வெடித்தபோது, பொறுப்பேற்று வந்த மின்னஞ்சல்கள் மும்பைப் பக்கம் யாரோ பூட்டாமல் வைத்திருந்த வைஃபை வழியாகப் போனவை. நவம்பரில் மும்பைத் தாக்குதல். அடுத்த மாதமே, டிசம்பர் 22-ஆம் தேதி மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் திருத்தம் நிறைவேறியது. மக்களவையில் அமளிக்கு நடுவே விவாதமே இல்லாமல் நிறைவேற்றினார்கள். அந்த மசோதா 2006-இலேயே தாக்கலானது. இரண்டு வருடம் கிடந்தது, நாடே பயந்துபோயிருந்த ஒரு வாரத்தில் வெளியே வந்துவிட்டது.

அந்தத் திருத்தம் வந்த சட்டத்தின் கீழ்தான் 2011-இல் என் கடை விதிகளைப் போட்டார்கள். அதே திருத்தத்தில் வந்ததுதான் 66ஏ பிரிவு. யாருக்காவது மனம் புண்படும்படி இணையத்தில் எழுதினால் மூன்று வருடம் வரை சிறை. 2012 அக்டோபர் கடைசியில் புதுச்சேரியில் ஒரு சிறு தொழிலதிபரை இதே பிரிவில் கைது செய்தார்கள். அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதியிருந்தார், அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் மொத்தம் பதினாறு பேர் என்று செய்தி வந்தது. அவர் யார் கணக்கையும் உடைக்கவில்லை, யார் கடவுச்சொல்லையும் திருடவில்லை. பேசியதுதான் குற்றம். 2015 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. வழக்கைத் தொடங்கியவர் சட்டம் படிக்கப்போன ஓர் இளம்பெண், முகமூடி போட்ட எந்த ஹேக்கர் கூட்டமும் இல்லை.

சரி, முகமூடியை அடையாளமாக வைத்திருக்கும் அனானிமஸ் என்ற ஹேக்கர் குழுவுக்கு வருகிறேன். 2012-ஐப் பற்றி அந்த வாசகர் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார், ஆனால் நம் ஊரில் இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் அந்த வருடத்தில்தான் இருக்கிறது, அதுவும் சென்னையில் இருக்கிறது.

அந்த மார்ச் மாதக் கடைசியில் '3' படமும் ஏப்ரல் கடைசியில் 'தம்மு' என்ற தெலுங்குப் படமும் வெளியாகின. திருட்டுப் பதிப்பு இணையத்தில் ஏறிவிடும் என்று தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கினார்கள். யார் ஏற்றப்போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாதே, அதனால் 'அசோக் குமார்' என்று ஒரு பெயரைப் பொதுவாகப் போட்டு அந்த ஆள்மேல் உத்தரவு வாங்குவது வழக்கம். நஷ்டப்படும் தயாரிப்பாளரின் வலி நியாயமானது, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு இணையச் சேவை நிறுவனங்கள் என்ன செய்தன? படம் இருக்கும் பக்கத்தை மட்டும் தேடி அடைப்பது வேலை அதிகம் என்று முழுத் தளங்களையே அடைத்தன. திருட்டுப் படங்களுக்குப் பேர்போன பைரேட் பே போனது, சரி. வீடியோ பகிரும் விமியோ, டெய்லிமோஷன், எழுத்தைப் பகிரும் பேஸ்ட்பின் எல்லாமே சேர்ந்து போயின. எங்கள் தெருவில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர், மஸ்கட்டில் இருக்கும் பெண் வீட்டுக்காரர்கள் பார்க்கட்டும் என்று ராத்திரி முழுக்க என் கடையில் உட்கார்ந்து விமியோவில் ஏற்றியிருந்தார். காலையில் வந்து திறந்தால் நீதிமன்ற உத்தரவுப்படி தடை என்று ஒரு வரி. அவர் முகம் வெளுத்துப்போய், "அண்ணே, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

இந்தத் தடைக்குப் பிறகுதான் அனானிமஸ் குழு இந்தியப் பக்கம் திரும்பியது. மே 17-இல் உச்ச நீதிமன்றத்தின் தளமும் காங்கிரஸ் கட்சியின் தளமும் முடங்கின. ஒரே நேரத்தில் கணக்கில்லாத கோரிக்கைகளை அனுப்பி சர்வரைத் திணற வைப்பார்கள், கல்யாண மண்டப வாசலில் ஆயிரம் பேரை நிறுத்தி உள்ளே போகிறவரை மறிப்பது மாதிரி. ஜூன் 9-இல் மும்பை, டெல்லி, பெங்களூரு என்று பல நகரங்களில் அந்தக் குழுவின் அடையாளமான 'கை ஃபாக்ஸ்' என்ற முகமூடியோடு இளைஞர்கள் தெருவில் நின்றார்கள். என் கடைக்கு வரும் பாலிடெக்னிக் பையன்களுக்குக் கொண்டாட்டம், கம்ப்யூட்டர் திரையில் அந்த முகமூடிப் படத்தை வைக்கச் சொல்லி நச்சரித்தார்கள். ஆக, முதலில் வந்தது தடை, அப்புறம்தான் முகமூடி. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் நடந்த கதையே மாறிவிடுகிறது.

ஆனால் அந்தக் குழு செய்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். அதே மே 17 அன்று மாநிலங்களவையில் என்ன நடந்தது தெரியுமா? கேரள உறுப்பினர் பி. ராஜீவ், 2011-இல் வந்த இன்னொரு விதித் தொகுப்பை ரத்து செய்யக் கோரி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். யாராவது புகார் கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் இணையதளங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிற விதிகள் அவை. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜெட்லி உட்படப் பலர் பேசினார்கள். நாடாளுமன்றத்தில் இணையச் சுதந்திரத்துக்காக அவ்வளவு பேர் வாய் திறந்த நாள் எனக்கு நினைவுக்கு வேறு ஒன்று வரவில்லை. அமைச்சர் கபில் சிபல் எல்லோரையும் கலந்து பேசுவோம் என்று உறுதி கொடுத்தார், தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் தோற்றது. கடையில் அன்று மாலையும் அடுத்த நாளும் எல்லோரும் பேசியது உச்ச நீதிமன்றத் தளம் முடங்கியதைப் பற்றித்தான். ராஜீவ் என்ற பெயர் எங்கள் ஊரில் ஒருவர் வாயிலும் வரவில்லை. முறையாகப் போராடியவர்களின் குரலை அந்தக் குழு அமுக்கிவிட்டது, இந்த ஒரு விஷயத்தில் அவர்கள்மேல் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. நீதிமன்றத்தின் தளத்தைத் தாக்கினால் அரசுக்கு "பார்த்தீர்களா, இதற்குத்தான் சட்டம் கேட்கிறோம்" என்று சொல்ல வசதியாகிவிடுகிறது.

தடை எப்படித் தளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இணையச் சேவை நிறுவனங்கள் விளக்கம் கேட்டு மறுபடி நீதிமன்றத்துக்குப் போக, ஜூன் 22 அன்று உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: படம் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட முகவரிக்கு மட்டும்தான் தடை, முழுத் தளத்துக்கு இல்லை. ஒரு மனு, ஒரு விளக்கம். கல்யாண வீடியோ தம்பி மறுபடி ஏற்றினார்.

ஹேக்கர்களால் சட்டமே வந்ததில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1983-இல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்துப் பையன்கள் சிலர் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக் கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு புற்றுநோய் மருத்துவமனைக் கம்ப்யூட்டருக்குள்ளும் நுழைந்தார்கள், 1986-இல் அங்கே வந்த கணினிக் குற்றச் சட்டத்துக்கு அந்தப் பீதியும் ஒரு காரணம். ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற இளைஞர் ஆய்வுக் கட்டுரைகளை மொத்தமாக இறக்கியதற்கு அதே சட்டத்தில் வழக்குப் போட்டார்கள், 2013 ஜனவரியில் 26 வயதில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பையன்களுக்குப் பயந்து எழுதிய சட்டம் கடைசியில் யார்மேல் விழுந்தது என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

நம் ஊரில் 2022 ஏப்ரல் 28-இல் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு போட்ட உத்தரவும் அப்படித்தான், அது நேரடியாக ஹேக்கர்களைக் காரணம் காட்டி வந்தது. ஊடுருவல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்கிற பகுதியை நான் வரவேற்கிறேன். ஆனால் இணையத்தில் நம் இருப்பிடத்தை மறைத்துக் கொடுக்கும் விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை எல்லாம் ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டுமாம். சில பெரிய நிறுவனங்கள் சர்வரையே இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டன. என் பழைய நோட்டின் பெரிய பதிப்பு இது. ஏழு மாதம் கூட ஆகவில்லை, நவம்பர் 23-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் ஹேக்கர் தாக்குதலில் முடங்கின, நோயாளிகளுக்குப் பல நாள் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நம் பெயர்களைச் சேர்த்து வைப்பதில் காட்டிய அக்கறையை அந்த சர்வரைப் பாதுகாப்பதில் காட்டியிருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் நடந்ததையும் மறக்க முடியாது. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவுக் கம்ப்யூட்டர் ஒன்றில் தீநிரல் (மால்வேர்) புகுந்தது. அக்டோபர் 29-இல் அப்படி எதுவும் இல்லை என்றார்கள், மறுநாள் ஆமாம் என்றார்கள். உலையை இயக்கும் பகுதிக்கு அது போகவில்லை என்று சொன்னது ஆறுதல். ஆனால் ஹேக்கர்கள் உண்மையிலேயே வந்துபோன இடம் அது, அதற்காக யார்மேல் கட்டுப்பாடு வந்தது? அதற்கு ஒரு வருடம் முன்பு, 2018 மே 22-இல் தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு நடந்தபோது மறுநாளே எங்கள் மாவட்டம், நெல்லை, குமரி மூன்றிலும் இணையத்தையே நிறுத்தினார்கள். அங்கே எந்த ஹேக்கரும் இல்லை. பதின்மூன்று பேரை இழந்த துக்கத்தில் ஊர் இருந்தது. பொறியியல் கலந்தாய்வு முதன்முறையாக முழுக்க ஆன்லைனில் நடந்த வருடம் அது, விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. என் கடைக்கு வந்த பிள்ளைகளை நான் சாத்தூர் பஸ்ஸில் ஏற்றி அங்கே தெரிந்த ஒருவர் கடைக்கு அனுப்பினேன். மாவட்ட எல்லை தாண்டினால் இணையம் வரும். பஸ் காசு இல்லாத பிள்ளைகளும் இருந்தார்கள்.

இதனால்தான் அந்த வாசகரின் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தயாரிப்பாளர் நஷ்டம், தலைவரின் கோபம், குண்டுவெடிப்புப் பயம், துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகான பதற்றம் என்று ஒவ்வொரு முறையும் காரணம் வேறாக இருந்தது. எல்லாப் பழியையும் ஹேக்கர் என்ற ஒரு சொல்லில் கட்டிவிட்டால், உத்தரவு போட்டவரிடம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தச் சொல்லும் சரியில்லை. மருத்துவமனையை முடக்கும் பணம் பறிக்கும் கும்பலும், இன்னொரு நாட்டின் உளவு வேலை செய்கிறவர்களும், தளத்தை இரண்டு மணி நேரம் மறித்துவிட்டுப் போகிற கல்லூரிப் பையனும் ஒன்றாகிவிட மாட்டார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2021-இல் புதிய தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்தன, அதன் பிறகும் அவற்றைத் திருத்திக்கொண்டேதான் இருக்கிறார்கள். அரசைப் பற்றிய செய்தி பொய்யா என்று அரசே முடிவு செய்யலாம் என்று 2023-இல் சேர்த்த திருத்தத்தை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. வரைவு விதிகளை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்பதும் உண்டு, ஆனால் அவற்றை நான் தமிழில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அடுத்த வரைவு வரும்போது அதன் முக்கியமான பகுதிகளைத் தமிழில், கருத்து அனுப்பக் கடைசித் தேதியோடு, இதே பக்கத்தில் போடுங்கள். என் கடைக்கு வந்த பையன்கள் இன்று பலர் கம்ப்யூட்டர் வேலையில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு நானே அதைப் படம்பிடித்து அனுப்புவேன்.

இப்படிக்கு,
முன்னாள் பிரவுசிங் சென்டர் உரிமையாளர்,
கோவில்பட்டி